சுடலைமுத்துவும் எடுக்கப்படாத கடைசிக் காட்சியும்

சுடலைமுத்து காலமான செய்தி வந்தபோது நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் நின்று அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் படத்தின் தயாரிப்பாளர். "ஒரே ஒரு காட்சி வே. அந்த ஆளு சரின்னு ஒரு வார்த்தை சொன்னா இந்த வருசமே படத்தை வெளிய கொண்டாந்திரலாம்" என்று அவர் சொல்ல, "அவரு சொல்ல மாட்டாரு அண்ணாச்சி. அப்படி ஒரு பிறவி" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. சுடலையின் மைத்துனர். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். முடிக்காமலே போய்விட்டீரே, உமக்கே இது நியாயமா வே என்று வாய்விட்டே கேட்டேன். டீ ஆற்றுகிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையில் பல இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் சுடலைமுத்து. தாமிரபரணிக் கரையில் பண்ணையாளாக உழைத்த குடும்பம் அவருடையது. எடுத்தது ஒரே படம். 'பிசானம்' என்று பெயர். ஐப்பசியில் நட்டு மாசியில் அறுக்கும் போகத்துக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். கதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில் நடக்கிறது. பண்ணையார் மகள் வடிவுக்கும், அந்த வயலில் ஏர் பிடிக்கும் முத்தையாவுக்கும் உண்டாகும் காதல். நடவில் தொடங்கி அறுப்பில் முடியும். நான் அதற்கு வசனம் எழுதினேன். எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஏனென்றால் நான் எழுதியதில் பாதியை அவர் அடித்துவிட்டார். காதலர்கள் முதன்முதலாக மனம் திறக்கும் காட்சிக்குப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனேன். எனக்கே பிடித்துப்போன எழுத்து. குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து முழுவதையும் நிதானமாகப் படித்தார். "ரொம்ப நல்லா இருக்கு வே" என்றார். நான் மகிழ்ந்துபோனேன். "ஆனா இம்புட்டையும் பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பண்ணை வீட்டுல ஒரு ஆளும் இவங்களைப் பாக்கலையாக்கும்? எல்லாரும் எங்கன போனாங்க? காசிக்கா?" என்று கேட்டார். பிறகு வசனத்துக்குப் பதிலாக அவர் வைத்ததுதான் படத்தின் உயிர். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் விளங்காது.

அந்தக் காலத்தில் பண்ணையாளுக்குத் தாகமெடுத்தால் வீட்டின் புறவாசலில் வந்து நிற்கவேண்டும். குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்ள, வீட்டுப் பெண் செம்பைத் தூக்கிப் பிடித்து உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். செம்பு கையில் படாது. ஊற்றுகிறவளின் மூச்சுக்கூடப் படாது. படத்தின் முதல் காட்சியில் வடிவு தன் தோள் உயரத்திலிருந்து முத்தையாவுக்கு ஊற்றுகிறாள். நாள் போகப்போகச் செம்பு இறங்குகிறது. அறுப்பு நாளன்று, அதே புறவாசலில், செம்பை அவன் கையிலேயே கொடுக்கிறாள். படம் முடிகிறது. கட்டிப்பிடிப்பது கிடையாது, பாட்டு கிடையாது, என் வசனமும் கிடையாது. "செம்பு ஒரு சாண் இறங்கிச்சுன்னா அதுதான் வே காதல். மிச்சமெல்லாம் நம்ம ஆசைக்கு எடுக்குத சோலி" என்பார் சுடலை. எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரிதான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அது இன்னும் எரிச்சல்.

அவரோடு வேலை பார்ப்பது லேசான காரியமில்லை. கதாநாயகன் சென்னைப் பையன், டாக்டர் வீட்டுப் பிள்ளை. முன்னந்தலையைச் சிரைத்துக் குடுமி வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். தலையில் துண்டைக் கட்டி மறைத்துவிடலாமே என்று தயாரிப்பாளர் ஒரு யோசனை சொன்னார். சுடலைக்கு வந்ததே கோபம்! "முதலாளி வீட்டு முன்னால தலைத்துண்டோட நின்னவன் அந்தக் காலத்துல எவன் அண்ணாச்சி? துண்டைக் கழத்திக் கக்கத்துல இடுக்கிட்டுல்லா நிக்கணும்? துண்டு இறங்கிச்சுன்னா தலை தெரியும். தலை தெரிஞ்சா கிராப்பு தெரியும். நான் என்ன, மாறுவேடப் போட்டியா நடத்துதேன்?" என்று குதித்தார். நாலு நாள் படப்பிடிப்பு நின்றது. கடைசியில் பையன் தலையைக் கொடுத்தான். பிறகு வெயிலில் காயவிட்டு, சேற்றில் இறக்கி, ஏர் பிடிக்கவைத்து, அவன் அம்மா வந்தால் அடையாளம் தெரியாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வீடு பிடித்துக் கொடுத்தது நான். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய ஒரு ஊரில் என் ஒன்றுவிட்ட அண்ணன் சண்முகம் இருக்கிறார். அரசாங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நிலமெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டது. வீடு மட்டும் பழைய பண்ணை வீடாகவே நிற்கிறது. மனைவி கோமதி மதினி கல்லூரிவரை படித்தவர். படம் எடுக்கவேண்டும் என்றதும் இருவரும் சந்தோஷமாகச் சரி என்றார்கள். கதையையும் சொன்னேன். "எங்க வீட்டுல அந்த மாதிரி வேத்துமையெல்லாம் பாத்ததே கிடையாது. ஆனா அந்தக் காலத்துல சில வீடுகள்ல உண்டும், காட்ட வேண்டியதுதான்" என்றார் அண்ணன். சுடலை நேரே புறவாசலுக்குப் போய், கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் வாய் திறந்தார். "இந்த மாதிரி ஒரு கிணத்தடியிலதான் வே எங்க தாத்தன் கையேந்தி நின்னாரு. இதைவிட்டா வேற இடம் எனக்கு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அந்த வீட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டுவிட்டார்.

மதினி படப்பிடிப்புக் குழுவைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். அதை நான் சொல்லியே ஆகவேண்டும். எல்லாருக்கும் பெயர் சொல்லிப் பரிமாறுவார். விளக்குப் பிடிக்கிற பையன்களுக்குத் தன் கையால் மோர் கொடுப்பார். படம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மிச்சம் கடைசிக் காட்சி மட்டும். அன்றைக்கு முற்பகலில் வேறொரு துண்டுக் காட்சியை எடுத்துவிட்டு எல்லாரும் கிணற்றடிப் பக்கம் நிழலில் நின்றோம். கதாநாயகன் வயலிலிருந்து நேரே வந்தான். முழங்கால்வரை சேறு. குடுமி. கக்கத்தில் துண்டு. புறவாசல் படிக்குக் கீழே வந்து நின்று, "அம்மா, கொஞ்சம் தண்ணி" என்றான்.

மதினி உள்ளேயிருந்து வந்தார். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த அவசரம். கிணற்றுக் கட்டையில் இருந்த செம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டார். செம்பு அவர் தோளுக்கு மேலே போனது. மணிக்கட்டு லேசாகச் சாய்ந்தது. தண்ணீர் ஒரே கம்பியாக விழுந்தது. பையனும், எத்தனையோ நாள் பழக்கம் அல்லவா, குனிந்து கையைக் குவித்துக் குடித்தான். குடித்துவிட்டு, "தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மதினிக்கும் தெரியவில்லை. அன்று காலையில் அதே பையனுக்கு நாற்காலி போட்டு, காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தவர்தான் அவர். அப்போது அவன் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். பார்த்தவர்கள் பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

சுடலை திருப்பிக்கொள்ளவில்லை. அங்கேதான் வினையே. எங்கள் கதாநாயகிக்கு அந்த மணிக்கட்டுச் சாய்வு கடைசிவரை வரவில்லை. எத்தனை முறை எடுத்தாலும் செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரிதான் இருந்தது. இப்போது அது கண்முன்னால் நடந்துவிட்டது, கேமரா ஓடாமல். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மனுஷன் நேரே படியருகே போனார். "அம்மா, இப்ப ஊத்தினீங்கள்லா, அதே மாதிரி இன்னொரு தடவை ஊத்துங்க. உங்க கையை மட்டும் எடுத்துக்கிடுதேன். முகம் வராது" என்றார்.

"எது மாதிரி?" என்றார் மதினி.

"இப்ப அந்தத் தம்பிக்கு ஊத்தினீங்கள்லா, தூக்கிப் பிடிச்சு. எங்க பிள்ளைக்கு அது வரமாட்டேங்கு. உங்களுக்குத் தன்னால வருது."

தன்னால வருது! அந்த ஒரு வார்த்தை போதாதா? மதினி கையிலிருந்த செம்பைப் பார்த்தார். சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. செம்பைப் பைய கிணற்றுக் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "ஏலே, அவ அழுதுக்கிட்டே இருக்கா. நாளையிலேர்ந்து வேற இடம் பாத்துக்கிடச் சொல்லு. எங்களைக் கேவலப்படுத்தத்தான் வந்தானாலே அந்த ஆளு?" என்றார். நான் கெஞ்சாத கெஞ்சு இல்லை. கதவு அடைத்தது அடைத்ததுதான்.

இப்போது சொல்லுங்கள். மிச்சமிருந்தது ஒரே காட்சி. இரண்டு கை, ஒரு செம்பு, ஒரு புறவாசல். அதற்காக ஒரு படம் வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தது. சென்னையில் அச்சு அசலாகச் செட் போட்டுத் தருகிறேன் என்றார் தயாரிப்பாளர். "அவ அதே கிணத்தடியில குடுக்கணும் அண்ணாச்சி. அட்டையில செஞ்ச வீட்டுல யாரு வேணும்னாலும் யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்" என்றார் சுடலை. கடைசிக் காட்சி இல்லாமலே விட்டுவிடுவோம், அதுவும் ஒரு முடிவுதானே என்றேன் நான். "செம்பைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லுதீரா? அவ்வளவுதான் முடியும்னு சொல்லவா நான் படம் எடுத்தேன்?" என்று என்னோடு பல நாள் பேசாமல் இருந்தார். கதாநாயகனும் கதாநாயகியும் எப்போது கூப்பிட்டாலும் வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். நடுவில் பிழைப்புக்குச் சுடலை நகைக்கடை விளம்பரங்களும் கல்யாண வீடியோக்களும் எடுத்தார். அவரிடம் வேலை கற்றவர்கள் அடுத்தடுத்துப் படம் எடுத்துப் பேர் வாங்கினார்கள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. அவரோ அவர்களுக்கெல்லாம் போன் போட்டு வாழ்த்திக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் மன்றாடியது ஒன்றே ஒன்று. "ஒரு தடவை நேர்ல போயி, மனசு நோகும்படி பேசிட்டேன், காட்சியை மட்டும் எடுத்துக்கிடுதேன்னு கேளும். மதினி இளகின மனசுக்காரி. கட்டாயம் சரின்னு சொல்லுவா" என்பேன். ஒருமுறை அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை இழுத்துக்கொண்டே போய்விட்டேன். அங்கிருந்து ஆட்டோவில் போனால் அந்த வீடுதான். பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"நான் சொன்னவிதம் தப்புதான் வே. நாலு பேர் முன்னால சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கு வருத்தம்னு அன்னைக்கே உம்மகிட்டச் சொல்லி அனுப்பினேன்லா? ஆனா சொன்ன விசயம் தப்பில்ல. இப்ப அந்த வாசல்ல போயி, தாங்கன்னு நிக்கணும்னா, எங்க தாத்தன் நின்ன மாதிரில்லா ஆயிரும்? அவங்க ஒரு வார்த்தை, வாங்கன்னு கூப்பிடட்டும். ஓடிப் போறேனா இல்லியா பாரும்."

"படம் பெருசா, உம்ம ரோசம் பெருசா வே?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டும் ஒண்ணுதானே வே. படமே அதைப் பத்தித்தானே?" என்றார். அடுத்த பஸ்ஸில் ஏறித் திருநெல்வேலிக்கே வந்துவிட்டோம். 

தச்சநல்லூரில் உள்ள சுடலையின் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க, எங்கள் பேச்சில் துட்டி கேட்க, மூன்றாம் நாள் கோமதி மதினி வந்தார். தனியாக, காரில். நான் தெருவில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். என்னிடம் வந்து நின்றார். நரைத்துவிட்டார். "இத்தனை வருசத்துல அந்த மனுசன் ஒரு வாட்டி வந்து கேட்டிருக்கலாம்லா தம்பி? கேட்டிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, உண்மையான வருத்தம்தான். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இதே வார்த்தையை நானே சுடலையிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் மதினி வாயிலிருந்து கேட்டபோது பொறுக்கமுடியவில்லை.

"நீங்க ஒரு வாட்டி கூப்பிட்டிருக்கலாம்லா மதினி?" என்றேன்.

மதினி என்னைப் பார்த்தார். யோசித்தார். "தோணவே இல்லையே தம்பி" என்றார்.

 அவர் பொய் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் காட்சியை இப்ப எடுக்கலாம்லா? வீட்டைத் திறந்துவிடுதேன். என் கைதான் வேணும்னா கையும் தாரேன்" என்றார். படம் இப்போது என்னுடையதும் இல்லை, தயாரிப்பாளருக்கு மட்டும் உரியதும் இல்லை, சுடலையின் மனைவி பேச்சியம்மாள் சரி என்றால்தான் மேற்கொண்டு எதுவும் என்றேன். "அப்ப அவளைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லேன். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருதேன்" என்றார்.

"துட்டி வீட்டுல அவங்களை எழுந்து வரச் சொல்லக் கூடாது மதினி. நீங்கதான் உள்ள போகணும்."

மதினி கொஞ்சம் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பாயில் பெண்களுக்கு நடுவே இடம் தேடி உட்கார்ந்ததை வாசலிலிருந்து பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து வெளியே வந்து, துட்டி வீட்டு வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

கூட்டம் குறைந்தபின் பேச்சியம்மாளிடம் கேட்டேன். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருப்பவர் அவர். சுடலை படத்தை நினைத்துக்கொண்டு திரிந்த காலமெல்லாம் குடும்பத்தை இழுத்தவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"அந்தம்மா கேட்டா. வந்து எடுத்துக்கிடுங்கன்னு சொன்னா. கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தில் துட்டி வீடு என்பதையே மறந்துவிட்டேன். "இதுல என்னத்த யோசிக்க? வீடு தாரோம்னுட்டாங்க, தயாரிப்பாளர் அண்ணாச்சி ரெடியா இருக்காரு, நாளைக்கே எடுத்துரலாம்! இன்னும் என்ன யோசனை?" என்று குரலை உயர்த்தினேன்.

பேச்சியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவரு இத்தன வருசமா காத்துக்கிட்டுக் கிடந்தாரு அண்ணாச்சி. அந்தம்மா கொஞ்ச நாளு இருக்கட்டும்" என்றார்.

நான் பந்தலுக்கு வந்து உட்கார்ந்தேன். தயாரிப்பாளர் என்ன ஆச்சு என்று கேட்டார். காத்திருக்கவேண்டும் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சுடலைமுத்துவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர் மூட்டிவிட்ட இந்த எரிச்சலைத்தான். இத்தனை வருடமும் அது அவர் பக்கமாகவே எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான், அது எரியவேண்டியது அந்தப் புறவாசல் பக்கம் என்று தெரிந்துகொண்டது.